கீபோர்டு டிரம்ஸ், நிஜ டிரம்ஸ் போல ஒலிக்க...

உங்கள் வீட்டில் எலெக்ட்ரானிக் கீபோர்டு இருக்கிறதா? அதிலுள்ள டிரம்ஸை வைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்து கேட்டால், கடிகாரம் அடிப்பது போல உயிரில்லாமல் இருக்கும். உடனே பலர் விலை அதிகமான கீபோர்டு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் குறை ஒலியில் இல்லை, அடிக்கும் விதத்தில்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்ய உங்கள் கம்ப்யூட்டரும் ஓர் இலவச சாஃப்ட்வேரும் போதும்.

ஏன் மெஷின் போல ஒலிக்கிறது?

கீயை அழுத்தும்போது மிடி என்ற முறையில் சில எண்கள் செல்கின்றன. எந்த நோட்டு என்பது ஒரு எண். கீ எவ்வளவு வேகமாக இறங்கியது என்பது இன்னொரு எண். இந்த இரண்டாவது எண்ணுக்கு வெலாசிட்டி என்று பெயர். இது 1 முதல் 127 வரை இருக்கும். விலை குறைந்த பல கீபோர்டுகளில் டச் ரெஸ்பான்ஸ் வசதி கிடையாது. மெதுவாகத் தட்டினாலும் ஓங்கித் தட்டினாலும் ஒரே எண்தான் போகும்.

நிஜ டிரம்மரோ எந்த இரண்டு அடியையும் ஒரே அளவாக அடிப்பதில்லை. ஒரு அடி சற்று முந்தும், ஒன்று சற்றுப் பிந்தும். இந்தச் சின்ன வேறுபாடுகளைத்தான் நம் காது 'மனிதர் வாசிக்கிறார்' என்று புரிந்துகொள்கிறது. ரோஜர் லின் 1980-ல் கொண்டுவந்த எல்எம்-1 டிரம் மெஷினில் நிஜ டிரம்ஸின் பதிவுகளே இருந்தன. அதிலேயே தாளத்தைச் சற்று அசைத்து வைக்கும் ஸ்விங் வசதியையும் அவர் சேர்த்திருந்தார். நல்ல ஒலி மட்டும் போதாது என்பதற்கு இதுவே சான்று.

முதலில் ஒரு தாளம்

ஹைட்ரஜன் என்ற இலவச டிரம் சாஃப்ட்வேரை டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும். பேட்டர்ன் எடிட்டர் பகுதியில் ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு வரிசை இருக்கும். ஒரு சுற்றை 16 பாகமாக வைத்துக்கொள்ளுங்கள். காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கை 1, 9 ஆகிய இடங்களில் க்ளிக் செய்யுங்கள். கையால் அடிக்கும் ஸ்நேரை 5, 13-ல் வையுங்கள். 'ட்ஸ் ட்ஸ்' என்று ஒலிக்கும் மூடிய ஹைஹாட்டை 1, 3, 5 என ஒற்றைப்படை இடங்களில் வையுங்கள். இப்போது பிளே செய்து கேளுங்கள். மெஷின் ஒலி தெளிவாகத் தெரியும்.

இனி நான்கு திருத்தங்கள்

1. அழுத்தம்: எடிட்டரின் அடியில் வெலாசிட்டி கோடுகள் தெரியும். ஹைட்ரஜனில் இது 0 முதல் 1 வரை. ஹைஹாட்டை 0.8, 0.5, 0.7, 0.45 என மாற்றி மாற்றி வையுங்கள். ஸ்நேரின் முக்கிய அடிகளுக்கு நடுவே 0.2 அளவில் ஓரிரு மெல்லிய அடிகளைச் சேருங்கள். தனியாகக் கேட்டால் அவை தெரியாது, ஆனால் எடுத்துவிட்டால் தாளம் வெறுமையாகிவிடும்.

2. நேரம்: நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் ஒரு தட்டுக்கு 500 மில்லி செகண்ட். இதில் 5 முதல் 10 மில்லி செகண்ட் விலகினால் உயிரோட்டம் கிடைக்கும். அளவுக்கு மீறினால் தாளம் தவறியதாகத் தெரியும். மிக்ஸரில் ஹ்யூமனைஸ் என்ற பகுதியில் வெலாசிட்டி, டைமிங் ஆகிய இரண்டு குமிழ்களையும் கொஞ்சமாகத் திருப்பினால் போதும்.

3. இரண்டு கை, இரண்டு கால்: டிரம்மருக்கு அவ்வளவுதான் உண்டு! ஒரே நொடியில் ஸ்நேர், கிராஷ், ஹைஹாட் மூன்றையும் கையால் அடிக்க முடியாது. கிராஷ் வரும் இடத்தில் ஹைஹாட்டை நீக்குங்கள். டாம்களை வேகமாக உருட்டும் இடத்திலும் ஹைஹாட் நிற்கட்டும். நான் நண்பர்களின் பதிவுகளைக் கேட்கும்போது அதிகம் பார்க்கும் குறை இதுதான்.

4. அறை: வேவ் ஃபைலாக எக்ஸ்போர்ட் செய்து, இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் திறந்து, ரிவெர்ப் எஃபெக்ட்டைச் சிறிய அறை அளவில் லேசாகக் கொடுங்கள். அதிகம் கொடுத்தால் கல்யாண மண்டபத்தில் வாசித்தது போல ஆகிவிடும்.

கீபோர்டை இணைக்கலாமா?

தாராளமாக. யூஎஸ்பி டு ஹோஸ்ட் என்ற துளை இருந்தால் கேபிள் மூலம் இணைத்து, கீகளைத் தட்டியே பதிவு செய்யலாம். ஜெனரல் மிடி விதிப்படி டிரம்ஸுக்கு 10-ஆவது சானல். கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹைஹாட் 42, திறந்த ஹைஹாட் 46. ஒலி கம்ப்யூட்டரிலிருந்து வருவதால் பழைய கீபோர்டே போதும். டச் ரெஸ்பான்ஸ் இல்லையென்றால், பதிவு செய்தபின் வெலாசிட்டியை மவுஸால் திருத்திக்கொள்ளுங்கள்.

என் சித்தப்பா மகன் புதிய கீபோர்டுக்காக 20,000 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய பழைய தாளத்தையே இந்த முறையில் இருவரும் திருத்தினோம். கேட்டுவிட்டு, அந்தப் பணத்தில் பாடுவதற்கு ஒரு நல்ல மைக் வாங்கிக்கொண்டான்.

திருத்தும் முன் ஒரு முறையும் திருத்திய பின் ஒரு முறையும் ஃபைலை வேறு வேறு பெயரில் சேமித்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். புதிய கீபோர்டு தேவையா என்பதை உங்கள் காதே சொல்லிவிடும்.