எந்தக் கடனை முதலில் அடைப்பது?

கேள்வி: கிரெடிட் கார்டில் 60,000, வங்கியில் நகைக்கடன் 80,000, நாத்தனாரிடம் கைமாற்று 15,000. சின்னதை முதலில் முடிப்போம் என்கிறார் கணவர். சரியா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஒரு கடன் தீர்ந்தால் வரும் தெம்பு தனிதான், நாத்தனாரையும் கூச்சமில்லாமல் பார்க்கலாம். ஆனால் வீட்டைக் காலி செய்வது கார்டு. மாதம் 3.5 சதவீதம் என்றால் 60,000-க்கு வட்டி 2,100 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 378. 'மினிமம் டியூ' என்று 3,000 கட்டினால் அசலில் கழிவது வெறும் 522! போதாக்குறைக்கு, பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் அன்றே வட்டி ஓடும். கார்டை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

வங்கி நகைக்கடன் வட்டி பெரும்பாலும் இதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அதற்குக் கெடு தேதி தவறாமல் வட்டி கட்டி மாற்றி வைத்தால் போதும், நகை ஏலத்துக்குப் போகாது. மிஞ்சுவதெல்லாம் கார்டுக்கு.

நாத்தனாருக்கு மாதம் ஆயிரமாவது கொடுங்கள். தீபாவளிக்குள் தருகிறோம் என்று வாக்குக் கொடுத்திருந்தால் மட்டும் உங்கள் கணவர் சொல்வதே சரி.

சீட்டு எடுத்து கார்டை அடைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தள்ளு எவ்வளவு போகிறது என்று முதலில் பாருங்கள்.