போர் விமானமும் பாரம் ஏற்றிய லாரியும்

எம்.பி.பி.எஸ். முடித்த என் மகள், விமானப்படையில் சேர்ந்து வான்வெளி மருத்துவம் படிக்கிறேன் என்கிறாள். நாளைக்கு ஊர் திரும்பினால் இங்கே அதற்கு வேலை உண்டா? – வாசகர், சங்ககிரி

தாராளமாக அனுப்புங்கள். பெங்களூரில் விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிலையம் 1957 முதல் இருக்கிறது. ககன்யான் வீரர்களைச் சோதித்துத் தேர்ந்தெடுத்ததும் அங்கேதான். இரைச்சல், அதிர்வு, வெப்பம், தூக்கமின்மை இவையெல்லாம் வேலை செய்கிறவன் உடம்பை என்ன பாடுபடுத்தும் என்பதும் அந்தப் படிப்பின் ஒரு பகுதி. ‘சங்ககிரியில் ஏது போர் விமானம்?’ என்பீர்கள். லாரி இருக்கிறதே! அந்த நான்கும் உங்கள் ஊர் டிரைவர்களுக்குக் குறைவில்லாமல் கிடைக்கின்றன. பாடி கட்டும் பட்டறையில் சத்தம், சிமென்ட் ஆலையில் தூசி வேறு. அபாயகரமான வேலை நடக்கும் ஆலைகளில் மருத்துவப் பரிசோதனையைச் சட்டமே கட்டாயமாக்குகிறது. ஆலை டாக்டர் பணிக்கு ஏ.எஃப்.ஐ.எச். என்ற மூன்று மாதச் சான்றிதழ் கேட்பார்கள்; அதையும் முடித்துவிடச் சொல்லுங்கள்.