பிரிக்க முடியாத அன்பு

வேத பாடம்: ரோமர் 8:35–39



நம்முடைய அம்மாபேட்டையில் தறிச்சத்தம் கேட்காத தெரு குறைவு. இழை அறுந்தால் தறியை நிறுத்துகிறோம், முடிச்சுப் போடுகிறோம், மறுபடி ஓட்டுகிறோம். தேவனுடைய அன்பையும் நம்மில் அநேகர் இப்படித்தான் நினைக்கிறோம். சுகமாயிருந்தால் இழை ஓடுது. கஷ்டம் வந்தால் அறுந்துபோச்சு. உபவாசமிருந்து நாமே முடிச்சுப் போடணும்!

நம் சபையில் ஒரு சகோதரி கணவனை இழந்தார்கள். ஆறுதல் சொல்லப் போன நான் அவசரமாய் இந்த வேதபகுதியைச் சொன்னேன். "எனக்கும் தெரியும் பாஸ்டர். அவரு ஆஸ்பத்திரியில கிடந்தப்போ இதைத்தான் வாசிச்சுக்கிட்டு இருந்தேன். கர்த்தர் என்னை விட்டுட்டாரா?" என்றார்கள். எனக்கு வெட்கமாயிருந்தது.

வீட்டுக்கு வந்து மெதுவாய் வாசித்தேன். 35-ம் வசனத்தில் பவுல் ஏழு காரியங்களை அடுக்குகிறார். பசியும் நிர்வாணமும் அவர் அனுபவித்தவை. 2 கொரிந்தியர் 11-ல் அவரே சொல்லுகிறார். கடைசியில் வருவது பட்டயம். நீரோ ராயனின் காலத்தில் அவர் பட்டயத்தால் மரித்தார் என்பது சபைப் பாரம்பரியம். ஆக, இவையெல்லாம் விசுவாசிக்கு வராது என்று அவர் சொல்லவேயில்லை. வரும், வந்தாலும் பிரிக்காது என்கிறார். இதை நாம் மாற்றிப் பிரசங்கித்துவிட்டோமோ? நானும் அப்படிப் பிரசங்கித்தவன்தான்.

நமக்குப் பக்கத்திலேயே, நாமக்கல் கொல்லிமலையில், இதற்கு ஒரு சாட்சி உண்டு. இன்றைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறது. ஜெசி பிராண்டும் அவர் மனைவி எவலினும் ஊழியத்துக்குப் போன காலத்தில் நடந்துதான் ஏறவேண்டும், இல்லாவிட்டால் டோலி. காய்ச்சல்காரருக்கு மருந்து கொடுத்தார்கள், நரம்புச் சிலந்திக்கு வைத்தியம் பார்த்தார்கள். 1929-ல் காய்ச்சலே ஜெசியைக் கொண்டுபோயிற்று. அப்போது மகன் பால் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். மரணச் செய்தி தந்தியில் முந்திப் போனது. அப்பா எழுதிய கடிதமோ கப்பலில் பிந்திப் போய்ச் சேர்ந்தது. எழுதிய கை அடக்கமான பிறகும், அன்பு வந்து சேர்ந்தது! இந்த மகன்தான் பின்னாளில் வேலூரில் குஷ்டரோகிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திய டாக்டர் பால் பிராண்ட்.

எவலின் அம்மாள் திரும்பி வந்தார்கள். ஓய்வு பெறும் வயதானபோது, மிஷன் அனுப்பாவிட்டாலும் தாமாகவே மலையேறினார்கள். முதிர்வயதில் இரண்டு மூங்கில் கம்புகளை ஊன்றி நடந்தார்கள். 1974-ல், 95 வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். கொல்லிமலையில் புருஷனுக்குப் பக்கத்திலேயே அடக்கம்.

மறுபடி அந்தச் சகோதரி வீட்டுக்குப் போனேன். வசனம் சொல்லவில்லை, இந்த அம்மாளைப் பற்றி மாத்திரம் சொன்னேன்.

"அந்தம்மா அழுதாங்களா பாஸ்டர்?"

"ரொம்ப உடைஞ்சு போயிட்டாங்கம்மா. மகனுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிட்டாங்களாம்."

கொஞ்சநேரம் பேசாமலிருந்து, "அப்போ அழலாம்" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்து, வழக்கமாய் உட்காரும் ஜன்னலோரத்தில் உட்கார்ந்தார்கள். பாட்டு வேளையில் பாடவில்லை. ஆனால் முடிகிறவரை எழுந்து போகவுமில்லை.