கந்தையில் மலர்ந்த கலை
(ஒட்டுப் போர்வைகள் பற்றிய ஒரு பாடம்)



இவ்வாண்டு விழா அரங்கின் நுழைவாயிலை அடுத்த நீண்ட மேசையில், நம் பள்ளியைச் சேர்ந்த அன்னையரும் பாட்டியரும் ஓய்வு நேரத்தில் தம் கையால் தைத்த ஒட்டுப் போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் அருகே, உள்ளங்கையில் அடங்கும் சிற்றுருவப் போர்வைகளும் உள்ளன. "அழகாக இருக்கிறது" என்று கூறிக் கடந்து செல்லுமுன், அவற்றின் வரலாற்றையும் செய்முறையையும் சிறிது அறிந்துகொள்வது நன்று. அதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. ஒட்டுப் போர்வை என்பது யாது?

அமெரிக்க மக்கள் "குவில்ட்" என்று அழைக்கும் போர்வை மூன்று அடுக்குகளை உடையது. மேலே துண்டுத் துணிகளை இணைத்துச் செய்த ஒப்பனைத் துணி. நடுவே பஞ்சு விரிப்பு. கீழே ஒரே துணியாலான அடித்துணி. இம்மூன்றும் விலகாதவாறு ஊடுருவிச் செல்லும் நுண்ணிய ஓட்டுத்தையலே "குவில்டிங்" எனப்படும். துண்டுகளை இணைக்கும் வேலை வேறு. அடுக்குகளைப் பிணைக்கும் வேலை வேறு. இவ்வேறுபாட்டை முதலில் மனத்திற் கொள்க.

இக்கலை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. வங்காளத்துப் பெண்கள் பழம் புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலாலேயே தைக்கும் விரிப்பு "காந்தா" ஆகும். நம்முடைய "கந்தை" என்னும் சொல்லும் அதுவும் ஒரே வேரின என்பர். சிந்துப் பகுதியில் "ரல்லி" என்றும், கன்னட நாட்டில் "கௌதி" என்றும் இதன் உறவினங்கள் வழங்குகின்றன. வடகன்னட மாவட்டத்துக் காடுகளை ஒட்டி வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் "கவந்தி" என்னும் போர்வையைத் தைக்கின்றனர். அவர்கள் ஓரத்திலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கி வருவர். நான்கு மூலைகளிலும் "பூல்" எனப்படும் மடித்த துணிப்பூ வைக்காமல் போர்வை முற்றுப்பெற்றதாகக் கருதமாட்டார்கள்.

நம் தஞ்சைப் பகுதியிலும் வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டுத் தைக்கும் மரபு உண்டு. தேர்த்திருவிழாவில் தேரைச் சுற்றி உருளை வடிவில் தொங்கும் "தொம்பை"களை நினைவுகூர்க. அவை குளிருக்குப் போர்த்துவன அல்ல. இறைவனின் தேருக்கு அணி செய்வன. எனினும் வெட்டிய துணியை மற்றொரு துணிமேல் வைத்துத் தைக்கும் கைத்திறன் ஒன்றே.

2. நம் இலக்கியத்தில் தையல்

பழந்தமிழில் தைத்தலுக்குத் "துன்னல்" என்றும், தையற்காரருக்குத் "துன்னகாரர்" என்றும் பெயர். சிலப்பதிகாரம் புகார் நகரத் தொழிலாளரைக் கூறுமிடத்தில் துன்னகாரரைக் குறிப்பிடுகிறது. அதனை அடுத்து, துணியாலும் நெட்டியாலும் பலவகைக் கைவினைப் பொருள்கள் செய்வோரையும் சுட்டுகிறது. துண்டுத் துணியிற் கலைப்பொருள் செய்வோர்க்கு அப்பெருநகரில் ஓர் இடம் இருந்தது என்பது இதனால் விளங்கும்.

பொருநராற்றுப்படையில் வேறொரு காட்சி உண்டு. கரிகாற் சோழனிடம் வந்த பொருநன் உடுத்திருந்தது வியர்வையில் நனைந்த கந்தை. அதிலும் வேறு வேறு நூல்கள் ஓடிய தையல்கள். மன்னன் அதனை நீக்கி, நெசவின் இழை கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூந்துகிலை உடுத்துவித்தான். புலவர் மன்னனின் கொடையைப் பாடினார். நாமோ அந்த வேற்று நூலைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். ஒரே நிற நூல் வாங்க இயலாத வீட்டில், கிடைத்த நூலைக் கொண்டு கிழிசலை மூடிய கை யாருடையதோ, நாம் அறியோம்.

3. சோழமண்டலத் துணியும் அமெரிக்கப் போர்வையும்

அமெரிக்கப் போர்வைக் கலையில் நம் கடற்கரைக்கும் ஒரு பங்கு உண்டு. பதினேழாம் நூற்றாண்டு முதல் சோழமண்டலக் கரையிலிருந்து "சீட்டி" எனப்படும் பூ வரைந்த பருத்தித் துணிகள் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குச் சென்றன. படிகாரமும் சாயவேரும் சேர்ந்து தந்த செந்நிறம், எத்தனை முறை துவைத்தாலும் மங்காதது. ஐரோப்பியர் அதுவரை அத்தகைய துணியை அறிந்திலர். மக்கள் அதனை விரும்பி வாங்கவே, உள்நாட்டு நெசவாளர் வருந்தினர். பிரான்சு 1686இல் அத்துணியைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700, 1721 ஆகிய ஆண்டுகளில் தடைச்சட்டங்கள் இயற்றியது.

விலைமிக்க அத்துணியில் ஒரு துண்டையும் வீணாக்க மனமின்றி, இல்லத்தரசிகள் அதிலுள்ள பூக்களையும் பறவைகளையும் மட்டும் வெட்டி எடுத்து வெள்ளைத் துணிமேல் தைத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் இவ்வகைப் போர்வைகள் பெருமையுடன் செய்யப்பட்டன.

பிற்காலத்தில் மற்றொரு தமிழ்நாட்டுத் துணியும் இங்கே புகழ் பெற்றது. 1960களில் "மெட்ராஸ்" எனப்பட்ட கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்க இளைஞரிடையே பரவியது. துவைக்கும்போதெல்லாம் அதன் சாயம் கசிந்தது. வணிகர்கள் அக்குறையையே சிறப்பாக்கி, "சாயம் கசியும் மெட்ராஸ்" என்று விளம்பரம் செய்தனர்! அத்துணியின் வெவ்வேறு கட்டங்களை வெட்டி இணைத்த ஒட்டுத்துணிச் சட்டைகளை இன்றும் இங்குள்ள கடைகளிற் காணலாம்.

நியூஜெர்சியில் வாழும் மாணவர்க்கு ஒரு செய்தி. நம் பாட்டியர் பலரது இல்லங்களில் இருந்த சிங்கர் தையற்பொறியை உருவாக்கிய நிறுவனம், 1873இல் தன் பெருந்தொழிற்சாலையை நியூஜெர்சியின் எலிசபெத் நகரில் திறந்தது. அது 1982இல் மூடப்பட்டது.

4. பெயர் பெற்ற போர்வைகள்

ஹேரியட் பவர்ஸ் என்னும் அம்மையார் 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விவிலியக் கதைகளை உருவங்களாக வெட்டி ஒரு போர்வையில் தைத்தார். அதனை விலைக்குக் கேட்டபோது முதலில் மறுத்தார். பின்னர் வறுமை வருத்தவே, 1891இல் ஐந்து டாலருக்குக் கொடுத்தார். விற்ற பின்னும், வாங்கியவரின் இல்லத்திற்குச் சென்று தம் போர்வையைப் பார்த்து வந்தார் என்பது உள்ளத்தை உருக்கும் செய்தி. அது இன்று வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் உள்ளது.

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்துக் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடைகளைக் கிழித்துப் போர்வை தைத்தனர். முழங்கால் தேய்ந்த காற்சட்டையின் வெளுத்த பகுதியும், பையைப் பிரித்தபின் வெளுக்காமல் நின்ற கருநீலப் பகுதியும் அவற்றில் அப்படியே விளங்கும். 2002இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் அவை வைக்கப்பட்டபோது, உயர்ந்த ஓவியங்களுக்கு நிகராகப் போற்றப்பட்டன.

1987இல் சான் பிரான்சிஸ்கோவில் எய்ட்ஸ் நோயால் மறைந்தோர்க்கு நினைவுப் போர்வை ஒன்று தொடங்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் மூன்றடி அகலமும் ஆறடி நீளமும் உள்ள துணி; ஒரு மனிதரைப் புதைக்கும் நிலத்தின் அளவு. அவ்வாண்டு அக்டோபரில் வாஷிங்டனில் முதன்முறையாக 1,920 துணிகள் விரிக்கப்பட்டன. இன்று அவை ஏறத்தாழ 50,000 ஆகும். எடை 54 டன்.

இத்தகைய படைப்புகளைப் பேணவும் காட்டவும் நாம் வாழும் மாநிலங்களிலேயே இடங்கள் உள்ளன. கலிபோர்னியாவின் சான் ஹோசே போர்வை அருங்காட்சியகம், பொழுதுபோக்காகத் தைப்போர் சங்கம் ஒன்றின் முயற்சியால் 1977இல் தோன்றியது. டெக்சாஸில் ஹூஸ்டன் பன்னாட்டுப் போர்வை விழா 1974இல் தொடங்கியது; லா கிரேஞ்ச் நகரில் டெக்சாஸ் போர்வை அருங்காட்சியகம் 2011இல் திறக்கப்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தப்பியோடும் அடிமைகளுக்கு வழிகாட்டும் மறைகுறிகள் போர்வைகளில் தைக்கப்பட்டன என்னும் கதையைப் பகற்பள்ளியில் நீங்கள் கேட்டிருக்கக்கூடும். 1999இல் வெளிவந்த ஒரு நூலால் அக்கதை பெரிதும் பரவியது. ஆயினும், அதற்குத் தக்க சான்று இல்லை என்பதே வரலாற்றாசிரியர் பலரின் முடிபு. கதை அழகியது என்பதாலேயே அது வரலாறாகிவிடாது.

5. சிற்றுருவம்: ஒரு கணக்கு

சிறிய போர்வை தைப்பது எளிது என்று எண்ணுவோர் உளர். உண்மை அதற்கு நேர்மாறானது. கணக்கிட்டுப் பார்ப்போம்.

"ஒன்பது கட்டம்" என்னும் அமைப்பை எடுத்துக்கொள்க. ஒவ்வொரு கட்டமும் மூன்று அங்குலச் சதுரம். தையலுக்காக ஒவ்வொரு பக்கத்திலும் கால் அங்குலம் விடவேண்டும். எனவே வெட்டவேண்டிய துண்டு மூன்றரை அங்குலச் சதுரம். அதன் பரப்பு பன்னிரண்டேகால் சதுர அங்குலம். வெளியே தெரிவது ஒன்பது. ஏறத்தாழ நாலில் மூன்று பங்கு கண்ணுக்குத் தெரியும்.

பொம்மை வீட்டுக்குரிய சிற்றுருவத்தில் ஓர் அடி ஓர் அங்குலமாகச் சுருங்கும்; அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. அப்போது மூன்று அங்குலக் கட்டம் கால் அங்குலமாகும். முன்போலவே கால் அங்குலம் ஓரம் விட்டால், வெட்டவேண்டிய துண்டு முக்கால் அங்குலச் சதுரம். அதில் வெளியே தெரிவது ஒன்பதில் ஒரு பங்கே. எட்டுப் பங்கு துணி உள்ளே மறைந்துவிடும்! போர்வை பலகைபோல் விறைத்து நிற்கும். ஆகையால் சிற்றுருவம் தைப்போர், தைத்தபின் ஓரத்தை அரைக்கால் அங்குலத்திற்கும் குறைவாக நறுக்குவர். மெல்லிய துணியையே தேர்வர். பெரிய பூப்போட்ட துணியைத் தவிர்ப்பர். கால் அங்குலத்தில் பெரிய பூவின் ஓர் இதழ்கூட முழுமையாகத் தெரியாது அன்றோ?

6. ஏழு புடவைகள்

இனி என் அனுபவம் ஒன்றைக் கூறி முடிக்கிறேன். என் அன்னையார் மறைந்தபின் அவருடைய பருத்திப் புடவைகள் ஏழு என்னிடம் வந்தன. அவற்றுள் மதுரைச் சுங்குடிப் புடவை ஒன்றை நானும் விரும்பினேன். சேலத்திலுள்ள என் தங்கையும் விரும்பினாள். "அக்கா, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றாள் அவள். "உனக்கே அனுப்புகிறேன்" என்றேன் நான். இருவர் சொன்னதும் மெய்யன்று. புடவை இரண்டாண்டுகள் பெட்டியிலேயே இருந்தது.

ஹூஸ்டன் விழாவில் ஒட்டுப் போர்வைகளைக் கண்டு திரும்பியபின், தொலைபேசியில் தங்கையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "அம்மா கட்டிய புடவையில் கத்தரி வைக்கலாமா?" அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா தன் புடவையைக் கிழித்துத்தானே நம் இருவருக்கும் தூளி கட்டினாள்? அவளுக்கு இல்லாத தயக்கம் நமக்கு எதற்கு?" என்றாள்.

ஏழு புடவைகளும் இரண்டு போர்வைகள் ஆயின. எல்லாப் புடவையும் இரண்டிலும் உள்ளன. ஆனால் நான் ஒரு தவறு செய்தேன். துணிகளைத் தனித்தனியே நனைத்துச் சாயம் போகிறதா என்று பாராமலே தைத்துவிட்டேன். முதற் சலவையில் சுங்குடியின் சிவப்பு கசிந்து, ஒரு மூலையிலிருந்த வெண்கட்டங்கள் இளஞ்சிவப்பாயின. கண்ணீர் வந்தது. பிரித்துத் தைக்க முற்பட்டபோது தங்கை தடுத்தாள்: "அந்தப் போர்வையையே எனக்கு அனுப்புங்கள்." இன்று அது சேலத்தில் அவளுடைய கட்டிலில் இருக்கிறது.

எஞ்சிய நறுக்குகளில் பிறந்ததே, மேசையின் வலது ஓரத்தில் நீங்கள் காணும் ஏழு அங்குலப் போர்வை. நவராத்திரிக் கொலுவில் அது மரப்பாச்சிப் பொம்மைகளின் விரிப்பு.

தைப்போர் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். போர்வையின் அடிப்புறத்தில் ஒரு சிறு துணி வைத்து, தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு, யாருடைய புடவை என்பவற்றைத் தமிழில் எழுதித் தையுங்கள். பொருநனின் கந்தையைத் தைத்தவர் பெயரை நாம் அறியோம். நம் அன்னையர்க்கும் அந்நிலை நேரவேண்டா. மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தச் சிறு துணியிலுள்ள எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். படிக்கத் தெரியாதவர்க்கு அதுவும் போர்வையிலுள்ள மற்றுமொரு பூவேலையாகவே தோன்றும்.

அருஞ்சொற்பொருள்

கந்தை – கிழிந்த பழந்துணி
துன்னல் – தைத்தல்
சீட்டி – பூ வரைந்த பருத்தித் துணி
தொம்பை – தேரில் தொங்கவிடும் உருளை வடிவ அணி
தூளி – குழந்தைக்குப் புடவையாற் கட்டும் தொட்டில்

பயிற்சி

1. ஒட்டுப் போர்வையின் மூன்று அடுக்குகள் யாவை?
2. பிரான்சும் இங்கிலாந்தும் சீட்டித் துணியைத் தடை செய்தது ஏன்?
3. நான்கு அங்குலச் சதுரக் கட்டத்தைப் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, கால் அங்குலம் ஓரம் விட்டு வெட்டினால், துணியில் எத்தனை பங்கு வெளியே தெரியும்? கணக்கிடுக.
4. உங்கள் இல்லத்திலுள்ள பழைய துணி ஒன்றைப் பற்றிப் பாட்டியிடமோ அன்னையிடமோ கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக. அது யாருடையது, எந்த ஊரில் வாங்கியது, இதுவரை ஏன் எறியப்படவில்லை என்பவற்றைத் தவறாது குறிப்பிடுக.