நோயுற்றார் இல்லத்தில் முதிதை

தங்கவயலிலிருந்து விடியற்காலைப் புகைவண்டியில் பெங்களூர் சென்று, புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று, இரவில் இல்லம் திரும்பும் குடும்பங்கள் நம்மவரிடையே உள. அவ்வில்லங்களில் நாம் காணும் வழக்கம் ஒன்றுண்டு. தாய் நோயுற்ற நாள் முதல் பிள்ளைகள் உரக்கச் சிரிப்பதில்லை. அண்டை வீட்டாரை அழைப்பதில்லை. வைசாகப் பூர்ணிமைக்குப் பாயசம் வைப்பதும் நின்றுவிடுகிறது. ‘அம்மா இப்படியிருக்க நமக்கென்ன கொண்டாட்டம்?’ என்பர். அன்பினின்று எழுந்த எண்ணமே இது. எனினும் தன்மத்திற்கு இயைந்ததன்று.

விநய பிடகத்தின் மகாவக்கத்தில் வரும் வரலாற்றை நம் சங்கத்தார் அறிவர். வயிற்றுக்கடுப்பால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரை, பகவான் ஆனந்தரோடு சேர்ந்து நீராட்டிக் கட்டிலில் கிடத்தினார். தம்மைப் பேண விரும்புவோர் நோயாளியைப் பேணுக எனப் பணித்தார். அதனையடுத்து, நோயாளியைப் பேணுவோர்க்குரிய ஐந்து குணங்களையும் வகுத்தார். மருந்தை ஆயத்தம் செய்யத் தெரிதல் முதலாவது. ஏற்றதும் ஏலாததும் அறிந்து ஏற்றதையே கொடுத்தல், ஊதியம் கருதாது அன்பால் பேணுதல், மலம், சிறுநீர், வாந்தி இவற்றை அருவருக்காமை ஆகியன அடுத்தவை. ஐந்தாவது யாதெனில், அவ்வப்போது தன்ம உரையால் நோயாளியின் உள்ளத்தை மகிழ்வித்தல். மருந்தோடு ஒரே வரிசையில் மகிழ்ச்சியும் வைக்கப்பட்டிருத்தலை உற்று நோக்குக.

நலம் விசாரிக்க வருவோருள் சிலர் ‘எல்லாம் முன்வினைப் பயன்’ என்று சொல்லிச் செல்கின்றனர். அச்சொல் நோயினும் கொடிது. சம்யுத்த நிகாயத்தில் சீவகன் என்னும் பரிவிராசகனுக்கு விடையளித்த பகவான், பித்தம், சிலேத்துமம், வாதம், பருவ மாறுதல் முதலிய பல காரணங்களாலும் துன்பம் தோன்றுமென்றும், அனைத்தையும் முன்வினையின்மேல் ஏற்றுதல் தவறென்றும் கூறினார். 1957இல் வெளிவந்த தம் நூலில் அண்ணல் அம்பேத்கரும் முற்பிறவி வினைக் கொள்கையை மறுத்தார். ஆதலின், குற்றவாளியைப் போல் ஒடுங்கியிருக்க நோயாளிக்கும் காரணமில்லை. அவர் குடும்பத்தார்க்கும் இல்லை.

இனி முதிதை என்பது பிறர் நலங்கண்டு மகிழ்தல். இதனைப் பேணுவோர்க்கு மட்டும் உரியதாக நாம் எண்ணிவிடுகிறோம். கட்டிலிற் கிடக்கும் தாய்க்கும் அஃது உரியதன்றோ? மகன் தேர்வில் தேறியதையும் பேத்தி முதலடி எடுத்து வைத்ததையும் கண்டு மகிழும் ஆற்றலை நோய் பறிப்பதில்லை. வீட்டை மௌனமாக்கும் நாமே பறித்துவிடுகிறோம். அதற்காக, ‘உனக்கு ஒன்றுமில்லையம்மா’ என்று பொய் சொல்லிச் சிரிப்பதும் முதிதையாகாது. அது நான்காம் சீலத்திற்கு மாறு. அவர் அழ விரும்பினால் உடனிருந்து அழவும் வேண்டும்.

மகிழ்ச்சிக்கும் காலம் அறிதல் நன்று. புற்றுநோய் மருந்துகளுட் பல, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குவன. அதனால் முடி உதிர்கிறது, வாய் புண்ணாகிறது, இரத்தத்தின் வெள்ளணுக்கள் குறைகின்றன. 21 நாளுக்கொருமுறை மருந்து ஏற்றும் முறைகளில், பெரும்பாலும் 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை அவ்வணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அந்நாட்களில் கூட்டம் கூடாது; காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டால் இரவென்றும் பாராது மருத்துவரை நாடவேண்டும். மூன்றாம் வாரத்தில் பலர்க்கு நாவின் சுவை மீள்கிறது. பிறந்தநாளோ உறவினர் வருகையோ அவ்வாரத்திற்கு மாற்றப்பட்டால் யாது குறை? பாயசமும் அன்றே வைக்கலாம்.

அங்குத்தர நிகாயத்து நகுலமாதாவை இங்கு நினைவிற் கொள்வோம். கணவர் நகுலபிதா கடும்பிணியுற்றபோது அவ்வம்மையார் வெற்று ஆறுதல் கூறினாரல்லர். கவலையோடு இறத்தல் ஆகாதென்று சொல்லி, அவர் மனத்திலிருந்த கவலைகளை ஒவ்வொன்றாகத் தாமே எடுத்துரைத்தார். பஞ்சு நூற்கத் தமக்குத் தெரியும், பிள்ளைகளைக் காத்துக் குடும்பத்தை நடத்த இயலும் என்றார். வேறு இல்லம் புகமாட்டேன், சீலத்தில் வழுவமாட்டேன் என்றார். கேட்கக் கேட்கக் கணவரின் பிணி தணிந்தது. எழுந்து நடக்கத் தொடங்கிய நகுலபிதா, கோலை ஊன்றியவாறே பகவானைக் காணச் சென்றார். இத்தகைய மனைவியைப் பெற்றது அவர் பேறு என்றார் பகவான்.