பழைய மீன் தொட்டி மலிவாக வருகிறது, வாங்கலாமா?



போன ஆடி மாதம் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் ஊக்குநர் நம்மிடம் ஓடி வந்தார். பக்கத்து ஊரில் ஒரு தம்பி தார்ப்பாய்த் தொட்டியில் மீன் வளர்த்து வந்தாராம். இப்போது தொட்டியை விற்கிறாராம். இரும்பு வலை, தார்ப்பாய், காற்று மோட்டார் எல்லாம் சேர்த்து ரூ.18,000. "புதுசு வாங்கினா இதைப் போல ரெண்டு மடங்கு ஆகும்க்கா. நாளைக்கே வேற ஆள் வர்றாங்களாம். உள்கடன்ல எடுத்துக் கொடுத்துடலாமா?" என்று கேட்டார்.

முன்பணம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம், முதலில் போய்ப் பார்ப்போம் என்று சொல்லி, குழு உறுப்பினர்கள் ஐந்து பேருடன் நாமும் போனோம். அந்த ஒரு நாளில் கற்றுக்கொண்டதுதான் இந்த மாதப் பாடம். மீன் தொட்டி மட்டும் இல்லை. பழைய மாவு மில், தையல் மிஷின், பவர் டில்லர் என்று எதை வாங்கினாலும் இந்தப் பாடம் உதவும்.

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நாம் காசு கொடுத்து வாங்கும் மாட்டை நன்றாகவே பார்க்கலாம். இரண்டு வேளை பால் கறந்து பார்க்காமல் மாட்டுக்கு யாராவது பணம் கொடுப்போமா? தொட்டிக்கும் அதே நியாயம்தான்.

இது என்ன தொட்டி?

தரைக்கு மேலே வட்டமாக இரும்பு வலை நிறுத்தி, உள்ளே கெட்டியான தார்ப்பாய் விரித்துத் தண்ணீர் கட்டுவார்கள். இதில் 'பயோபிளாக்' என்ற முறையில் மீன் வளர்க்கிறார்கள். மீன் கழிவையும் மிச்சத் தீவனத்தையும் நல்ல நுண்ணுயிர்கள் தின்று சிறு சிறு திரளாக மாறும். அந்தத் திரளையும் மீன் தின்னும். நுண்ணுயிர் பெருகுவதற்கு வெல்லம் போன்ற இனிப்புப் பொருளைக் கரைத்து ஊற்றுவார்கள். தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டியதில்லை என்பது இதன் நன்மை. ஆனால் மீனும் நுண்ணுயிரும் சேர்ந்து மூச்சு விடுவதால் இரவு பகல் 24 மணி நேரமும் தண்ணீருக்குள் காற்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதல் கேள்வி: ஏன் விற்கிறார்?

விற்கிற தம்பியிடம் கேட்டோம். "நேரம் இல்லக்கா" என்றார். நாம் அவரோடு வாதாடவில்லை. தண்ணீர் குடிக்கப் போன வீட்டில் பேச்சுக் கொடுத்தோம். முதல் முறை மீன் பிடித்தபோது வாங்க ஆள் இல்லாமல் வந்த விலைக்குக் கொடுத்தாராம். இரண்டாம் முறை ஒரு மழை ராத்திரி கரண்ட் போய், விடிவதற்குள் மொத்த மீனும் செத்து மிதந்ததாம். திரும்பி வந்து கேட்டதும் தம்பி மறைக்கவில்லை. "ஆமாக்கா, அதோட விட்டுப்போச்சு" என்றார்.

ஆக, அவருக்கு இரண்டு இடத்தில் அடி விழுந்திருக்கிறது. ஒன்று சந்தை, மற்றொன்று மின்சாரம். நாம் வாங்கினால் அந்த இரண்டும் நமக்கு மாறிவிடுமா? அதற்கு விடை இல்லாமல் தொட்டியை மட்டும் வாங்கி வந்தால், அவர் பட்ட நஷ்டத்தையும் சேர்த்து வாங்கி வந்ததாகத்தான் அர்த்தம்.

இரண்டாம் கேள்வி: எவ்வளவு தண்ணீர்? எங்கே நிற்கும்?

தொட்டியின் குறுக்களவு 4 மீட்டர், அதாவது சுமார் 13 அடி. தண்ணீர் உயரம் 1.2 மீட்டர், சுமார் 4 அடி. கணக்கு இப்படி: குறுக்களவில் பாதி 2. 3.14 x 2 x 2 x 1.2 = சுமார் 15 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1,000 லிட்டர். ஆக 15,000 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் ஆயிரம் குடம்! கோடையில் குடிதண்ணீருக்கே வரிசையில் நிற்கிற தெருவில் இந்த ஆயிரம் குடம் எங்கிருந்து வரும்? வெயிலில் ஆவியாகிற தண்ணீரையும் அவ்வப்போது ஊற்ற வேண்டும்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஆக தொட்டித் தண்ணீரின் எடை 15 டன். தரை மேடு பள்ளமாக இருந்தால் ஒரு பக்கம் சரிந்து வலை பிதுங்கும். கெட்டியான, சமமான தரை வேண்டும். அடியில் கல், முள், வேர் இருக்கக் கூடாது. மொட்டை மாடியில் வைக்கிற யோசனையே வேண்டாம்.

இந்தக் குழு வைக்க நினைத்த இடம் அங்கன்வாடிக்குப் பக்கத்து நத்தம். தொட்டி 4 அடி உயரம்தானே என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு கல்லோ தீவன மூட்டையோ கிடந்தால் பிள்ளைகளுக்கு அதுவே படி. உள்ளே விழுந்த குழந்தை சத்தம் போடக்கூட நேரம் இருக்காது. பூட்டு போட்ட வேலியும் மேலே வலையும் இல்லாமல் தொட்டி வைக்கவே கூடாது. மீன் இல்லாத மாதங்களில் தொட்டியில் மழைத் தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு ஒரு வாரம் பத்து நாளில் வளர்ந்து பறந்துவிடும். சும்மா இருக்கும் தொட்டியைக் கவனிப்பதும் ஒரு வேலைதான்.

மூன்றாம் கேள்வி: கரண்ட் போனால்?

காற்று மோட்டார் 100 வாட். 24 மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 2.4 யூனிட். மாதம் 72 யூனிட். இரண்டு மாத பில்லில் 144 யூனிட் கூடும். வீட்டு இணைப்பில் இருந்து தொழிலுக்கு மின்சாரம் எடுத்தால், 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அபராதக் கணக்கு போட முடியும். எந்த இணைப்பு எடுக்க வேண்டும் என்று மின்வாரிய அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கரண்ட் நின்றால் தானாக ஓடுகிற இன்வெர்ட்டர், பேட்டரி கட்டாயம் வேண்டும். தம்பியிடம் அது இல்லை. மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே இருந்தால் கரண்ட் நின்றதும் குழாய் வழியே தண்ணீர் திரும்பி மோட்டாருக்குள் போகும். ஈரமான இடம் என்பதால் மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கரும் போட வேண்டும்.

நான்காம் கேள்வி: தொட்டி நல்ல தொட்டியா?

மடித்து மூலையில் போட்ட தார்ப்பாயைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. நிறுத்தி, முழுக்கத் தண்ணீர் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். பிறகு இவற்றைப் பாருங்கள்:

• தார்ப்பாயை விரலால் தேய்த்தால் மாவு போல ஒட்டுகிறதா? மடிப்பில் வெள்ளைக் கோடு, வெடிப்பு இருக்கிறதா? இருந்தால் வெயிலில் நைந்துவிட்டது.
• ஒட்டுப் போட்ட இடங்கள், எலி கடித்த இடங்கள் எத்தனை?
• வலையின் அடிப்பகுதியில் துரு ஏறியிருக்கிறதா? தண்ணீரின் அழுத்தம் அடியில்தான் அதிகம். மேலே பெயிண்ட் பளபளப்பாக இருந்து அடியில் அரித்திருந்தால் தொட்டி ஒரு நாள் வெடித்து விடும்.
• வெளியேற்றும் குழாய் தார்ப்பாயோடு சேரும் இடத்தில் கசிகிறதா?
• மோட்டாரை ஒரு மணி நேரமாவது ஓட விட்டு, சூடு, சத்தம் பாருங்கள்.
• வாங்கிய பில் இருக்கிறதா? எந்த ஆண்டு வாங்கியது?

கசிவு கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. தொட்டிக்குப் பக்கத்திலேயே, அதே வெயிலில், ஒரு வாளி நிறையத் தண்ணீர் வையுங்கள். இரண்டிலும் தண்ணீர் மட்டத்தில் கோடு போடுங்கள். மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு பகல் ஒரு இரவு கழித்துப் பாருங்கள். வெயிலுக்குக் குறைவது இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். வாளியை விடத் தொட்டியில் அதிகம் இறங்கியிருந்தால் அது கசிவு. இந்தத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 125 லிட்டர் போய்விட்டது என்று பொருள். நாங்கள் பார்த்த தொட்டியில் வாளியை விட ஒன்றரை சென்டிமீட்டர் அதிகம் இறங்கியிருந்தது.

ஐந்தாம் கேள்வி: மொத்தக் கணக்கு என்ன?

திரும்பி வந்து குழுக் கூட்டத்தில் கரும்பலகையில் எழுதினோம். இவை அந்தக் குழு விசாரித்த விலைகள். உங்கள் ஊர் விலையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு முறைச் செலவு:
தொட்டி, மோட்டார் – ரூ.18,000
வண்டி வாடகை, மணல், கூலி – ரூ.5,000
நிழல் வலை, வேலி – ரூ.5,000
இன்வெர்ட்டர், பேட்டரி – ரூ.20,000
மொத்தம் – ரூ.48,000

ஆறு மாத வளர்ப்புச் செலவு:
மீன் குஞ்சு 800 x ரூ.4 – ரூ.3,200
தீவனம் 250 கிலோ x ரூ.50 – ரூ.12,500
வெல்லம், நுண்ணுயிர், தண்ணீர் பரிசோதனைப் பொருள் – ரூ.3,500
மின்சாரம் – ரூ.3,000
மொத்தம் – ரூ.22,200

வரவு: 800 குஞ்சில் 600 தேறி, 200 கிலோ மீன் கிடைத்து, கிலோ ரூ.130-க்கு விற்றால் ரூ.26,000. மிச்சம் ரூ.3,800. ரூ.48,000 உள்கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் ஆறு மாதத்துக்கு ரூ.2,880. கையில் நிற்பது ரூ.920. அசல் தவணை இன்னும் கட்டவில்லை!

"நானூறு கிலோ வரைக்கும் எடுக்கலாம்க்கா" என்று தம்பி சொல்லியிருந்தார். "நீங்க எடுத்தீங்களா?" என்று ஒரு உறுப்பினர் அப்போதே கேட்டார். "இல்லக்கா, எடுக்கலாம்னு எனக்கு வித்தவங்க சொன்னாங்க" என்றார் அவர். பிறர் சொன்ன விளைச்சலை வரவில் எழுதக் கூடாது.

இன்னொன்றையும் எழுத மறந்திருந்தோம். தீவனம் போட, தண்ணீர் பார்க்க, சுத்தம் செய்ய தினம் இரண்டு மணி நேரம். ஆறு மாதத்துக்கு 360 மணி. எட்டு மணி நேரம் ஒரு நாள் என்றால் 45 நாள் வேலை. இதற்குக் கூலி யார் கொடுப்பது? ராத்திரி இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் எழுந்து ஓடப் போவது யார்? வீட்டில் செய்கிற வேலைக்குத்தான் கணக்கு இல்லை. குழுத் தொழிலிலாவது நம் உழைப்பைச் செலவில் எழுதுவோம்.

ஆறாம் கேள்வி: யாரைக் கேட்க வேண்டும்?

மாவட்டத்தில் உள்ள மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தைக் கேளுங்கள். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பயோபிளாக் தொட்டிக்கு மகளிருக்கு 60 விழுக்காடு மானியம் அறிவிக்கப்பட்டது. இப்போது எந்தத் திட்டம் நடக்கிறது, பழைய தொட்டி வாங்கிவிட்டால் மானியம் கேட்க முடியுமா என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அவசரப்பட்டு வாங்கி, கிடைக்க இருந்த மானியத்தை இழக்கக் கூடாது.

எந்த மீன் விடலாம் என்றும் கேளுங்கள். சீக்கிரம் வளரும் என்று சிலர் சொல்லும் ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு நம் நாட்டில் தடை உள்ளது. திலேப்பியா வளர்க்க அனுமதி பெற வேண்டும். பயிற்சிக்கு வேளாண் அறிவியல் நிலையத்தையும், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையங்களையும் விசாரிக்கலாம்.

குழு என்ன முடிவு எடுத்தது?

வாங்க வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். ஆனால் அது சுலபமாக இருக்கவில்லை. இந்த யோசனையை முதலில் கொண்டு வந்தவர் கணவரை இழந்த ஒரு உறுப்பினர். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரு வருமானத்துக்கு வழி தேடியவர். கரும்பலகைக் கணக்கைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. "எனக்குன்னு வந்தா மட்டும் ஆயிரம் கணக்கு" என்று சொல்லி எழுந்தார்.

அவரை அப்படியே போக விடவில்லை. பிரதிநிதி கையைப் பிடித்து உட்கார வைத்தார். "ஒனக்கு வேண்டாம்னு சொல்லலம்மா, இந்தத் தொட்டி வேண்டாம்னுதான் சொல்றோம்" என்றார். பயிற்சிக்குப் போகிற செலவைக் குழுவே ஏற்றது. மீன்வள அலுவலகத்தில் விசாரித்து வருகிற பொறுப்பும் அவருக்கே கொடுக்கப்பட்டது. சந்தையில் ஆள் பிடித்த பிறகு, வசதியான இடம் கிடைத்த பிறகு, மீண்டும் பேசுவது என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினார்கள். ஒரு யோசனைக்கு 'வேண்டாம்' சொல்லும்போது, அதைக் கொண்டு வந்தவரைக் கைவிடக் கூடாது. குழு என்பது அதற்காகத்தானே!

அதே தொட்டி வேறொரு குழுவுக்குச் சரியாக இருக்கலாம். சொந்தக் கிணறு, தொழில் மின் இணைப்பு, கழிவுத் தண்ணீர் பாய்ச்ச வாழையோ தென்னையோ, பக்கத்திலேயே மீன் வாங்க ஆள் என்று இருந்தால் கணக்கு மாறும். மலிவு என்பது மட்டும் வாங்கக் காரணம் ஆகாது. வாங்கிய மறுநாளில் இருந்து அந்தப் பொருள் தினம் தினம் நம்மிடம் கேட்கும். கேட்பதை நம்மால் கொடுக்க முடியுமா என்பதே கேள்வி.

உங்கள் கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் யாராவது பழைய பொருள் வாங்கி நஷ்டப்பட்டது உண்டா? எந்தக் கேள்வியைக் கேட்கத் தவறினோம்?
2. "நாளைக்கே வேற ஆள் வர்றாங்க" என்று அவசரப்படுத்தினால் என்ன பதில் சொல்வோம்?
3. நம் தொழில் கணக்கில் நம் கூலியை எழுதுகிறோமா?
4. பொருள் யார் இடத்தில் இருக்கும், கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று வாங்கும் முன்பே எழுதி வைக்கிறோமா?

பேசியதை எழுதி அனுப்புங்கள். உங்கள் அனுபவம் இன்னொரு குழுவின் சேமிப்பைக் காப்பாற்றும்.