கிட் கார் கதவு ஓரம் கோணலா?

அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பழைய ஸ்போர்ட்ஸ் காரின் நகலைக் கிட் காராக, அதாவது பாகங்களாக வாங்கி, வீட்டு கராஜிலேயே பூட்டி எடுப்பவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு மிகவும் பிடித்தது 1962-ல் வந்த ஏசி கோப்ரா. அசலின் பாடி அலுமினியம். நகல்களில் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். அச்சிலிருந்து எடுத்த ஃபைபர் கிளாஸ் சற்றே சுருங்கும், முறுக்கிக்கொள்ளும். கதவைச் சுற்றி ஒரு பக்கம் 3 மி.மீ., இன்னொரு பக்கம் 8 மி.மீ. என்று இடைவெளி நிற்பது அதனால்தான்.

1. எஞ்சின், கியர்பாக்ஸ் ஏற்றி, கார் தன் டயரில் சமதரையில் நின்ற பிறகே கதவில் கை வையுங்கள். ஸ்டாண்டில் தூக்கி வைத்த சேஸியின் வளைவு வேறு.

2. பொருத்திய பாடி சில வாரம் வெயில் காயட்டும். சுருங்க வேண்டியது சுருங்கிவிடும்.

3. கதவைச் சுற்றி வரும் பீடிங் ரப்பரை முதலிலேயே மாட்டிப் பாருங்கள். ரப்பர் இல்லாதபோது கச்சிதமாக உட்காரும் கதவு, மாட்டியதும் வெளியே துருத்தும். பலர் பெயின்ட் அடித்த பிறகுதான் இதைக் கண்டு நோகிறார்கள்.

4. உப்புத்தாளை எடுக்கும் முன் கீலைக் கவனியுங்கள். பாதிக் கோணல் அங்கேயே தீரும். கீல் தூணின் பின்முகத்தில் பூட்டியிருந்து, கதவின் பூட்டுப் பக்கம் தொங்கினால், கீழ்க்கீலுக்கும் தூணுக்கும் நடுவே மெல்லிய வாஷர் ஒன்று சொருகுங்கள், தூக்கிக்கொள்ளும். பூட்டைக் கடைசியில் சரிசெய்யலாம்.

5. 5 மி.மீ. இடைவெளி போதும். டைல்ஸ் ஒட்டும்போது வைக்கும் 5 மி.மீ. ஸ்பேசர்களையே அளவுகோலாகச் சொருகிப் பார்க்கலாம். பிரைமரும் பெயின்டும் கொஞ்சம் அடைக்கும், அதற்கும் இடம் விடுங்கள். இடைவெளி அகலமாக இருப்பதைவிட, போகப் போக மாறுவதுதான் கண்ணை உறுத்தும்.

6. குறுகிய இடத்தில், மெல்லிய மரச்சட்டத்தின் இருபுறமும் 80-ம் நம்பர் உப்புத்தாள் ஒட்டி, இடைவெளிக்குள் விட்டு இழுங்கள். ஓரம் மெலிந்துவிடும் என்று தோன்றினால், முதலில் உள்பக்கம் ஃபைபர் பாய் ஒட்டிக் கனமாக்குங்கள்.

7. அகலமான இடத்துக்குச் சாதாரண பட்டி வேண்டாம். ஓரத்தில் பெயர்ந்து விழும். கண்ணாடி இழை கலந்த பட்டி வாங்குங்கள். அச்சின் மெழுகு ஒட்டியிருக்கும், அதைத் துடைத்தெடுத்து, கதவு ஓரத்தில் ஜெல் கோட் எனும் மேற்பூச்சு போகும்வரை சொரசொரப்பாகத் தேய்க்க வேண்டும். எதிரே உள்ள பாடி ஓரத்தில் பழுப்பு நிற பேக்கிங் டேப் ஒட்டுங்கள். கதவு ஓரத்தில் பட்டியைத் தாராளமாக அப்பி, கதவை மூடிவிடுங்கள். பாதி இறுகி அழிரப்பர் பதத்துக்கு வரும்போது, டேப்பை ஒட்டியபடி ஹாக்ஸா பிளேடை மேலிருந்து கீழாக ஓட்டினால் கதவு பிரிந்து வரும். முழுதாக இறுகியபின் முன் சொன்ன மரச்சட்டத்தால் 5 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள். கீல் பக்கம் மட்டும் உஷார்: கதவைத் திறக்கும்போது அதன் முன் ஓரம் உள்ளே சுழலும். மெதுவாகத் திறந்து, எங்கும் உரசவில்லை என்று பாருங்கள்.

8. தேய்க்கும்போது தூசிக்கான முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். கண்ணாடித் தூள் தோலில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும்.

9. மேடு பள்ளம் பார்க்கக் கதவை மூடியே வைத்து, நீளமான கட்டையில் தாள் சுற்றி, கதவையும் பாடியையும் சேர்த்துத் தேய்க்கவும்.

10. கூரான ஓரத்தில் பெயின்ட் தங்காது. பிரைமருக்கு முன் எல்லா ஓரங்களையும் 1 மி.மீ. அளவுக்கு மழுக்கிவிடுங்கள். மழுக்கியதும் இடைவெளி சற்று அகலமாகத் தெரியும். ஸ்பேசரை மீண்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு பிரைமர் அடிக்கலாம்.